கேப்டன் மைல்ஸ் தூர் வாரிய கடல்
பினாங்கு வரலாற்றுத் தொடர் – 23

பினாங்கு மண்ணில் சொல்லிக்கொள்ளும்படி ஈயம் கிடைத்ததில்லை. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்தத் தீவு பணக்காரத் தீவானதில் ஈயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தோண்டியது பெராக்கின் லாருட்டிலும் கிந்தாவிலும் சியாமின் மேற்குக் கரையிலும். கடன் கொடுத்ததும், அரிசியும் அபினும் கூலியாட்களும் அனுப்பியதும், திரும்பி வந்த ஈயத்தை விலை பேசியதும் பினாங்கு பீச் ஸ்திரீட் வியாபாரிகள். லாருட்டில் கீ ஹின், ஹை சான் என்ற சீனர் கூட்டங்கள் வெட்டிக்கொண்டு மடிந்ததைச் சென்ற இதழ்களில் பார்த்தோம். இந்த இதழில் அரிவாளுக்கு வேலையில்லை. கடலைவிட்டு இறங்கி, அரசியலுக்குப் போய், அங்கே பெயரைக் கெடுத்துக்கொண்டு, பிழைப்புத் தேடி நம் பக்கம் வந்த ஒரு கப்பல் கேப்டன் வருகிறார். இங்கே ஈயம் என்று எழுதுவதெல்லாம் வெள்ளீயம். காரீயம் வேறு சரக்கு. சமையலறைக்குள் விடக்கூடாத சரக்கு.

எட்வர்ட் தாமஸ் மைல்ஸ் 1849இல் பிறந்த டாஸ்மேனியாக்காரர். சின்ன வயதிலேயே கப்பலேறி, கேப்டன் சான்றிதழ் வாங்கி, பிறகு சொந்தமாகக் கப்பல் தொழிலில் பங்காளியானவர். டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் வெள்ளி, செம்பு, காரீயச் சுரங்கங்கள் கிளம்பிய காலம் அது. அந்தச் சரக்கில் பெரும்பகுதி ஸ்ட்ரான் என்ற சிறு துறைமுகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஸ்ட்ரானுக்குள் நுழைய ஒரே வாய்தான். குறுகலான வாய், அதிலும் மணல் திட்டு. கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய காலத்தில் அந்த வாய்க்கு ‘நரக வாசல்’ என்று பெயர் விழுந்து, இன்றுவரை அதே பெயர். கப்பலின் அடிவயிறு மணலில் உரசுமா உரசாதா என்று அன்றாடம் கணக்குப் பார்த்துப் பிழைத்த கேப்டன்களுக்கு மேலே தெரியும் தண்ணீரைவிட அடியில் கிடக்கும் மண்தான் முக்கியம். மைல்ஸின் பிற்காலத்து யோசனைக்கு விதை அங்கே விழுந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது.

கப்பலில் சம்பாதித்தவர் தேர்தலில் நின்றார், ஜெயித்தார். டாஸ்மேனியப் பிரீமியர் எட்வர்ட் பிராடனின் அமைச்சரவையில் நிலம், பொதுப்பணித் துறை அமைச்சரானார். 1899இல் துறைமுக வேலைக்கான டெண்டர் விவகாரம் ஒன்றில் அவர் பெயர் அடிபட்டது. விசாரணை, கண்டனம், பதவி விலகல். அந்த ஆண்டே பிராடன் ஆட்சியும் கவிழ்ந்தது. ஐம்பது வயதில், பெயர் கெட்ட பழைய அமைச்சருக்கு டாஸ்மேனியாவின் ஹோபார்ட் போன்ற சின்ன ஊரில் என்ன இருக்கும்? கடலோடிக்கு அந்த நிலைமையில் தோன்றுவது ஒன்றுதான். வேறு துறை பார்த்துப் போவது. மைல்ஸ் வடக்கே வந்தார்.

அவர் கண்ணில் பட்ட இடம் சியாமின் புக்கெட் தீவிலிருந்த தோங்கா விரிகுடா. வற்றம் வந்தால் விரிகுடாவில் பாதி சேறு. சரக்குக் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, அங்கிருந்து படகில்தான் எல்லாம் கரைக்கு வர வேண்டும். கரையில் பல தலைமுறையாகச் சீனர்கள் ஈயம் தோண்டியதில் கழுவிவிட்ட மண்ணும் மணலும் ஓடையோடு ஓடி விரிகுடாவை இன்னும் தூர்த்துக்கொண்டிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது தொல்லை. துறைமுகம் தூர்ந்துபோகிறது, யாராவது தூர் வாரினால் தேவலை.

இந்த இடத்தில் நம் பினாங்குக் குடும்பம் உள்ளே வருகிறது. ஃபூஜியனிலிருந்து வெறுங்கையோடு பினாங்கில் வந்திறங்கிய காவ் சூ சியாங், ரனோங்கின் ஆளுநராக உயர்ந்த கதை முன்பே வந்துவிட்டது. அவருடைய கடைசி மகன் காவ் சிம் பீ. சியாம் அரசர் கொடுத்த பட்டம் பிரயா ரட்சடா. 1900களின் தொடக்கத்திலிருந்து புக்கெட் மண்டலம் முழுக்க அவர் கையில். திராங்கில் ரப்பர் கன்று நட வைத்ததும், மலைக்காட்டில் சாலை போட்டதும் அவர் காலத்தில். அரசாங்க உத்தியோகம் சியாமில், குடும்ப வியாபாரமும் பணமும் பினாங்கில். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் இரவுக் கப்பல் பயணம்தான். இன்றைய பார்வையில் இதை ஊழல் என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. அரசுக்கு வருமானம் வந்துகொண்டிருந்தவரை பாங்காக்கும் கேட்கவில்லை.

மைல்ஸும் சிம் பீயும் போட்ட பேரத்தைப் பார்த்தால் இரண்டு பேருமே லேசுப்பட்டவர்கள் இல்லை என்று தெரியும். கம்பெனி விரிகுடாவைத் தூர் வாரிக் கப்பல் வரும் வழி உண்டாக்கித் தர வேண்டும். புதிய அரசுக் கட்டடங்களும் கட்டித் தர வேண்டும். பதிலுக்குத் தூர் வாரும்போது வருகிற மண்ணிலிருக்கும் ஈயம் கம்பெனிக்கு. அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவில்லாமல் துறைமுகம். கேப்டனுக்கு, கடலுக்கடியில், இதுவரை ஒரு மண்வெட்டியும் படாத சுரங்கம். மலையிலிருந்து ஓடை அடித்துக்கொண்டு வந்த ஈய மணல் கரையோடு நின்றுவிடாது, கடலுக்குள்ளும் போய்ப் படிந்திருக்கும் என்பது யோசித்தால் யாருக்கும் புரிகிற விஷயம்தான். ஆனால் நிலத்தில் நின்று தோண்டியவனுக்குத் தண்ணீர் வந்த இடத்தில் சுரங்கம் முடிந்துவிடுகிறது. கப்பலோட்டிக்கு அங்கேதான் தொடங்குகிறது.

1906இல் தோங்கா ஹார்பர் ஈயத் தூர்வாரி கம்பெனி பதிவானது. பதிவு டாஸ்மேனியாவில், பங்குப் பணத்தில் ஒரு பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து, ஒரு பகுதி பினாங்குக் காவ் குடும்பத்திடமிருந்து. மைல்ஸுக்கு அப்போது 57 வயது. தென்கிழக்கு ஆசியாவில் வாளிச்சங்கிலித் தூர்வாரி கொண்டு ஈயம் எடுத்தது இங்கேதான் முதன்முறை. மலாயாவில், கிந்தாவின் பத்து காஜாவில் முதல் தூர்வாரி ஓடத் தொடங்கியது 1913இல். மலாயா ஈய வரலாறு எழுதியவர்கள் பலர் இந்த 1913இலிருந்து ‘இயந்திர யுகம்’ என்று அத்தியாயம் தொடங்குவார்கள். பினாங்குப் பணம் ஆறேழு வருடம் முன்பே எல்லையைத் தாண்டிப் போய் அந்த யுகத்தைத் தொடங்கியிருந்தது. கொடிக்குத் தகுந்தபடி வரலாற்றை வெட்டினால் இப்படித்தான் விட்டுப்போகும்.

தூர்வாரியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அடிதட்டையான பெரிய மிதவை. அதன்மேல் இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு இரும்புச் சட்டமும் தகரக் கூரையும். முன்பக்கம் பிளவு, அந்தப் பிளவு வழியாக ஏணிபோல ஒரு நீண்ட சட்டம் தண்ணீருக்குள் இறங்கும். சட்டத்தைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக இரும்பு வாளிகள் கோத்த சங்கிலி. சங்கிலி சுற்றச் சுற்ற ஒவ்வொரு வாளியும் அடிமண்ணைக் கடித்துக்கொண்டு மேலே வந்து கவிழ்க்கும். கவிழ்ந்த மண் சல்லடையில் விழும், நீரை அடித்துக் கழுவுவார்கள். ஈயக்கல் மணல் கறுப்பாக இருக்கும், எடையும் அதிகம். ஒரே அளவு சாதாரண மணலைவிட இரண்டரை மடங்கு கனம். ஓடும் தண்ணீரில் மணல் போய்விடும், ஈயக்கல் தங்கிவிடும். கழிவு மண் பின்பக்கமாகக் கடலுக்கே திரும்பும். சத்தம் கேட்கவே வேண்டாம். இரும்போடு இரும்பு உரசும் அந்த ஓலம் இரவு பகலாக ஓயாது.

இந்த ராட்சதனை அங்கே இங்கே நகர்த்துவது முழுக்க முழுக்கக் கடலோடி வேலை. முன்னால் ஒரு தலைக்கயிறு, பக்கத்துக்கு இரண்டு பக்கக் கயிறு, எல்லாம் நங்கூரத்தில் கட்டி, விஞ்சில் சுற்றிச் சுற்றி, ஒரு கயிற்றை இழுத்து மறுகயிற்றைத் தளர்த்தி, அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டும். வெள்ளம் ஏறும்போது ஏணியை இறக்க வேண்டும், வற்றும்போது தூக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் வேலையை நிறுத்தி மிதவையைக் காப்பாற்ற வேண்டும். சுரங்க எஞ்சினியருக்கு இதில் பாதி தெரியாது. மைல்ஸுக்கு மீதிப் பாதி தெரியாது, அதற்கு ஆள் வைத்துக்கொண்டார்.

தோங்காவில் எடுத்த ஈயக்கல் உருக வந்தது ஜார்ஜ் டவுனுக்கு. டத்தோ கெராமாட் சாலையில் லீ சின் ஹோ என்ற வியாபாரி தொடங்கிய உருக்காலை ஒன்று இருந்தது. 1907இல் காவ் குடும்பமும் மற்றச் சீன முதலாளிகளும் சேர்ந்து அதை வாங்கி ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் கம்பெனி ஆக்கினார்கள். அதே 1907இல் ஈஸ்டர்ன் ஷிப்பிங் கம்பெனி. ஆக, கடலடியில் தோண்டும் மிதவை, தோண்டியதைக் கொண்டுவரும் கப்பல், கொண்டுவந்ததை உருக்கும் ஆலை, மூன்றிலும் ஒரே வட்டாரத்துப் பணம். இது தற்செயலாக அமைந்ததில்லை. அதற்கு முன்புவரை ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் என்ற ஐரோப்பியக் கம்பெனி சிங்கப்பூரிலும், 1902 முதல் நம் எதிர்க்கரை பட்டர்வொர்த்திலும் உருக்காலை வைத்துக்கொண்டு ஈயக்கல்லை வளைத்துக்கொண்டிருந்தது. விலையும் அவர்கள் சொன்னதுதான். அந்தப் பிடியிலிருந்து தப்பப் பினாங்குச் சீனர்கள் செய்த ஏற்பாடு இது.

சுத்தம் செய்த ஈயக்கல்லில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் ஈயம். கரி சேர்த்து உலையில் வாட்டினால் உருகி ஓடும். மறுபடி சுத்தம் பண்ணி அச்சில் ஊற்றிக் கட்டியாக்குவார்கள். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டின்’ என்ற பெயர் லண்டன் சந்தையில் தரத்துக்கே அத்தாட்சி. கட்டிகள் வேல்ஸுக்குப் போயின, அமெரிக்காவுக்குப் போயின, இந்தியாவுக்கும் போயின.

போய் என்ன ஆயின? வரலாற்றுப் புத்தகங்கள் டன் கணக்கோடு நின்றுவிடும். நான் கொஞ்சம் அடுப்படி வரைக்கும் போகிறேன்.

தமிழ்நாட்டில் ஈயம் கிடைப்பதில்லை. சோழர் காலத்து வெண்கலத்துக்கே வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். கடாரத்தை ஒட்டிய கரையில் ஈயம் கிடைப்பதை அரபு எழுத்தாளர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். பித்தளையும் செம்பும் புழங்கிய வீட்டில் ஈயம் இல்லாமல் சமையல் நடக்காது. பித்தளைப் பாத்திரத்தில் புளி விட்டால் களிம்பேறும். உள்ளே ஈயம் பூசியிருந்தால் பயமில்லை. ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டே வருவார். வாசலில் சின்னக் குழி, அதில் கரி, பக்கத்தில் துருத்தி. பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுக் காலால் திருகித் தேய்த்துச் சுத்தம் செய்வார். நெருப்பில் காட்டிப் பக்குவமான சூடு வந்ததும் நவச்சாரத் தூளைத் தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று எழும்பும், மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈயக்குச்சியை உள்ளே ஒரு தொடு தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் சுற்றித் துடைத்தால், மங்கிக் கிடந்த பித்தளை உள்பக்கம் வெள்ளி மாதிரி ஆகிவிடும். ஈயம் உருக 232 டிகிரி போதும், அதனால்தான் ஒரு கைத்துருத்தியை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் இந்த வேலையைச் செய்ய முடிந்தது.

அதே காரணத்தால்தான் ஈயச் சொம்பு மருமகள்களின் பரீட்சையாகவும் ஆனது. கும்பகோணம் பக்கத்து ஈயச் சொம்பு முழுக்க முழுக்க ஈயம். அதில் வைக்கும் ரசத்துக்கு ஒரு தனி ருசி என்று சாதிக்கிறவர்கள் இன்றும் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனால் திரும்பி வருவதற்குள் சொம்பு அடுப்புக்குள் ஓடியிருக்கும். புளித்தண்ணீரை விட்ட பிறகே தீயில் வைக்க வேண்டும்.

பினாங்கிலேயே பாத்திர வேலைக்கென்று தெரு இருந்தது. ஆர்மேனியன் ஸ்திரீட்டை ஹொக்கியன்காரர்கள் செம்பு தட்டுகிறவர்களின் தெரு என்றே அழைத்தார்கள். மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் தமிழர் பாத்திரக் கடைகள். கோலாலம்பூரில் 1885இல் வந்திறங்கிய யோங் கூன் என்ற ஈயக் கொல்லர், பூசைக்கு வேண்டிய ஊதுபத்தித் தாங்கியும் மெழுகுவர்த்தித் தண்டும் அடித்து விற்றார். அந்தக் கடைதான் பிறகு ராயல் செலாங்கூர் என்ற ஈயச் சாமான் நிறுவனமானது.

ஆனால் தூர்வாரிகள் அள்ளிக் குவித்த ஈயத்தில் பெரும்பங்கு சொம்புக்கும் மெழுகுவர்த்தித் தண்டுக்கும் போகவில்லை. இரும்புத் தகட்டின்மேல் மெல்லிய பூச்சாகப் போனது. அப்படிப் பூசிய தகடுதான் நாம் தகரம் என்கிறோம். ஒரு டப்பாவின் எடையில் ஈயம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே அதிகம். அந்த இத்துணூண்டு ஈயத்தை நம்பித்தான் பிஸ்கட், பால், மீன், மண்ணெண்ணெய் எல்லாம் கடல் தாண்டின. டப்பாவில் அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை வாங்கியது 1810இல். நூறு வருடம் கழித்து அந்த டப்பா இல்லாத கடை உலகத்தில் இல்லை.

நம் தோட்டப்புறங்களில் காலியான டப்பாவுக்குத்தான் மதிப்பு அதிகமாக இருந்தது. சதுர மண்ணெண்ணெய் டின்னின் மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்தால் தண்ணீர் வாளி. தோளில் தூக்கும் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று தொங்கினால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைத் தண்ணீர். டின்னை விரித்துத் தட்டினால் குசினிக்குக் கூரை, குளிக்கும் மறைப்புக்குச் சுவர். கெட்டிப்பால் டின் அரிசி அளக்கும் படியானது. பினாங்கு, கோலாலம்பூர் என்றில்லாமல் மலேசியத் தமிழ் வீடுகளில் ‘எத்தனை டின் போடட்டும்’ என்பது இன்றும் அன்றாடக் கேள்வி. கோப்பிக் கடையில் வீட்டுக்குக் கட்டித் தரக் கேட்டால் அதே பால் டின்னில் ஊற்றி, கயிறு கோத்துக் கொடுத்த காலம் உண்டு. மைல்ஸ் தன் கையால் ஒரு வீட்டுச் சாமானும் செய்ததில்லை. ஆனால் அவரும் கூட்டாளிகளும் ஓட்டிய இரும்பு வாளி கவிழ்த்த மண் இல்லாமல் இவற்றில் பாதி இவ்வளவு மலிவாக நம் வீட்டுக்கு வந்திருக்காது.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. ஒரு தூர்வாரி செய்யும் வேலையைக் கையால் செய்ய நூற்றுக்கணக்கான சீனக் கூலிகள் வேண்டும். மிதவை மேல் நிற்க ஒரு சில பேர் போதும். ஆள்பலத்தால் சுரங்கம் வைத்திருந்த சின்ன முதலாளிகள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். தூர்வாரிக்கு லட்சக்கணக்கில் முதல் வேண்டும், அந்த முதல் லண்டனிலும் மெல்போர்னிலும் இருந்தது. 1920களின் முடிவில் மலாயாவில் தூர்வாரிகள் நூறைத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பியக் கம்பெனிகளுக்குச் சொந்தம். சீனர்கள் கையிலிருந்த ஈயத்தை வெள்ளைக்காரர் கைக்கு மாற்றிய இயந்திரத்துக்கு முதலில் பணம் போட்டது ஒரு பினாங்குச் சீனக் குடும்பம். பங்குச் சந்தை இப்படிப்பட்ட குறும்புகளை அடிக்கடி செய்யும்.

குடும்பத்துக்கே அது திரும்பி வந்தது. ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் 1911இல் லண்டன் முதலாளிகளிடம் போனது. 1913 பிப்ரவரியில் திராங்கில் காவ் சிம் பீயை ஒரு மருத்துவர் துப்பாக்கியால் சுட்டார். பினாங்குக்குக் கொண்டுவந்து வைத்தியம் பார்த்தும் ஏப்ரலில் உயிர் பிரிந்தது. பாங்காக்குக்கும் பினாங்குக்கும் நடுவே பாலமாக இருந்தவர் போனதும் குடும்பத்தின் பிடி தளர்ந்தது.

மைல்ஸ் நீண்ட ஆயுள்காரர். 1944இல் இறந்தார், தொண்ணூறைத் தாண்டிய வயது. அப்போது பினாங்கு ஜப்பானியர் கையில் இருந்தது. டாஸ்மேனியாவில் அவர் பெயர் டெண்டர் விவகாரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க, புக்கெட்டில் அவருக்குச் சிலைக்குச் சமமான மரியாதை. சபான் ஹின் கடற்கரையில் தூர்வாரி வாளியின் வடிவத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. அது சொல்லும் கணக்கில், 1909இல் கேப்டன் மைல்ஸ் தூர்வாரி கொண்டுவந்ததற்கு 60ஆம் ஆண்டு நினைவாக 1969இல் எழுப்பியது. அதற்குள் புக்கெட் தன் ஈயக்கல்லைப் பினாங்குக்கு அனுப்புவதை நிறுத்தியிருந்தது. 1965இல் அங்கேயே சொந்தமாக உருக்காலை வந்துவிட்டது.

1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப்பிடித்துவந்த சர்வதேச ஈயக் கவுன்சில் கையில் காசில்லாமல் விழ, விலை சரிந்தது. மலேசியாவின் சுரங்கங்கள் வரிசையாக மூடின. பெராக்கின் தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஐந்தாம் எண் தூர்வாரி மட்டும் துருப்பிடித்த 4,500 டன் உடம்போடு காட்சிப்பொருளாக நிற்கிறது. போய்ப் பார்க்கலாம், டிக்கெட் உண்டு. டத்தோ கெராமாட் சாலை உருக்காலை இருந்த இடத்தில் இப்போது பினாங்கு டைம்ஸ் ஸ்கொயர் கடை வளாகம். தோங்கா ஹார்பர் கம்பெனி மட்டும் தாய்லாந்துக் கம்பெனியாக மாறிப் பிழைத்துக்கொண்டது. 2000களில் அதன் கிளை நிறுவனம் லோய் மாகாணத்தில் தங்கச் சுரங்கம் நடத்தி, கிராமத்து மக்களோடு நெடுநாள் வழக்கும் வம்புமாகக் கிடந்தது.

1907இல் தொடங்கிய ஈஸ்டர்ன் ஷிப்பிங்கின் கப்பல்களை விட்டுவிட்டேன். பினாங்கிலிருந்து சியாம், சுமத்ரா, பர்மா கரைகளுக்கு ஓடி, ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் கம்பெனியோடு கட்டணப் போர் நடத்தி, 1922இல் அதே கம்பெனியிடம் விலைபோன கதை அடுத்த இதழில்.